பைதான் நிரலகத்தை டெபியன் பொதியாக்குதல்: தூய சூழலில் பதிப்பு 0.0.0, சோதனைகளும் தோற்கின்றன

கேள்வி

வணக்கம். முழுக்கப் பைதானிலேயே எழுதப்பட்ட ஒரு நிரலகத்தை (பிற நிரல்கள் பயன்படுத்தும் குறிமுறைத் தொகுப்பை) லினக்ஸ் இயங்குதளமான டெபியனுக்குப் பொதியாக்கி, அதாவது நிறுவத்தக்க தொகுப்பாக்கி, வருகிறேன். பைதான் நிரலகங்கள் வெளியிடப்படும் பைபிஐ தளத்தில் கிடைக்கும் மூலத் தொகுப்பில் சோதனைக் கோப்புகள் இல்லாததால், மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தின் வெளியீட்டுக் குறியிலிருந்து (டேக்) தொகுப்பை எடுத்துக்கொண்டேன். என் கணினியில் பொதி சரியாக உருவாகிறது. பொதிகளைக் கட்டும் எஸ்பில்டு கருவி, குறிப்பிட்ட பொதிகளை மட்டும் நிறுவி அமைக்கும் தூய சூழலிலோ, நிறுவப்படும் மீத்தரவில் (பெயர், பதிப்பு போன்ற விவரங்களில்) பதிப்பு 0.0.0 என்று பதிவாகிறது. சில சோதனைகளும் இணையத்தை எட்ட முடியாமல் தோற்கின்றன. இது போதாதென்று, நிரலகத்துக்குள் ‘_வெண்டர்’ என்ற கோப்புறையில் வேறொரு நிரலகத்தின் நகலும் இருக்கிறது. அதுவோ டெபியனில் ஏற்கெனவே தனிப் பொதியாக உள்ளது. சோதனைகளை நிறுத்திவிட்டு, நகலைத் தொடாமல் விட்டால் வேலை முடிந்துவிடும். அப்படிச் செய்வது முறையா?

மறுமொழி 1

கிட் குறியிலிருந்து மூலத்தை எடுத்தது நல்ல முடிவு. பதிப்புச் சிக்கலும் அதோடு தொடர்புடையதுதான். இத்தகைய நிரலகங்கள் பல, தம் பதிப்பெண்ணை எந்தக் கோப்பிலும் எழுதி வைப்பதில்லை. செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் என்ற கருவி கட்டும் நேரத்தில் கிட் வரலாற்றைப் படித்து அதைக் கணிக்கிறது. உங்கள் கணினியில் அக்கருவியும் உண்டு, கிட் வரலாறும் உண்டு. தூய சூழலில் இரண்டும் இல்லை. 0.0.0 என்று வருவதைப் பார்த்தால், கட்டுவதற்கான சார்புகளில் (தேவைப்படும் பிற பொதிகளின் பட்டியலில்) அக்கருவியின் பொதியைச் சேர்க்கத் தவறியிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. அதைச் சேர்த்த பின் கட்டுமானம் ‘பதிப்பைக் கண்டறிய இயலவில்லை’ என்று நின்றுவிட்டால் அஞ்ச வேண்டாம், அது முன்னேற்றமே. டெபியன் கோப்புறையில், கட்டும் முறையைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில், ‘செட்டப்டூல்ஸ்_எஸ்சிஎம்_பிரிடெண்ட்_வெர்ஷன்’ என்ற சூழல் மாறிக்கு, மாற்றக் குறிப்பேடான சேஞ்ச்லாக்கில் உள்ள மூலப் பதிப்பெண்ணை மதிப்பாகத் தாருங்கள். இதை அலட்சியப்படுத்த வேண்டாம்: உங்கள் நிரலகத்தின் பதிப்பு 2-க்கு மேல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் வேறொரு நிரல், இயங்கும்போது மீத்தரவைச் சோதித்து 0.0.0 என்று கண்டால் அங்கேயே நின்றுவிடும்.

மறுமொழி 2

சோதனைகளைப் பொறுத்தவரை, மொத்தமாக நிறுத்திவிடுவதில் பெரிய தவறில்லை என்பது என் கருத்து. நிரலகத்தை எழுதியவர்கள்தாம் ஏற்கெனவே அவற்றை ஓட்டிப் பார்த்திருக்கிறார்களே.

மறுமொழி 3

மேலுள்ள கருத்தை ஏற்க இயலாது. அவர்கள் ஓட்டியது தாங்கள் தேர்ந்தெடுத்த சார்புப் பதிப்புகளோடு. டெபியனில் அந்நிரலகம் இயங்கப்போவது களஞ்சியத்தில் உள்ள பதிப்புகளோடு. இடையிலுள்ள வேறுபாட்டை வெளிக்கொணர்பவை இச்சோதனைகளே. புதிய பைதான் பதிப்பு டெபியனுக்குள் வரும்போது எந்தெந்தப் பொதிகள் உடைகின்றன என்று தெரிவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

டெபியன் களஞ்சியத்தின் முதன்மைப் பிரிவான மெயின் பகுதியிலுள்ள பொதிகள் கட்டப்படும்போது வெளிப் பிணையத்தை அணுகக் கூடாது என்பது டெபியன் கொள்கை. தன் கணினிக்குள்ளேயே சுழலும் லூப்பேக் இடைமுகத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே இணையம் தேவைப்படும் சோதனைகளை மட்டும் பெயர் குறிப்பிட்டு விலக்குங்கள். ‘பைபில்டு_டெஸ்ட்_ஆர்க்ஸ்’ மாறியின் வழியாக, சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட்டுக்கு அந்த விருப்பத்தைத் தரலாம். ஒவ்வொன்றையும் ஏன் விலக்கினீர்கள் என்று அருகில் ஒரு வரி எழுதிவைத்தால், பின்னால் பராமரிக்க வருபவர் உங்களை வாழ்த்துவார். ஆட்டோபிகேஜிடெஸ்ட்டையும் அமைத்துக்கொள்ளுங்கள். அது நிறுவப்பட்ட பொதியின் மீது சோதனைகளை ஓட்டுவதால், கட்டும் கோப்புறையில் இருந்து பொதிக்குள் வராமல் போன தரவுக் கோப்புகள் அங்கே அகப்படும்.

உள்ளடங்கிய நகலைப் பற்றி: அந்த நிரலகத்தில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், டெபியன் தன் தனிப் பொதியைத் திருத்தும், உங்கள் பொதிக்குள் இருக்கும் நகல் பழைய குறையோடு அப்படியே கிடக்கும். கொள்கை இதை முற்றாகத் தடை செய்யவில்லை, தவிர்க்கச் சொல்கிறது. முதலில் அந்த நகலை அதன் மூல வெளியீட்டோடு டிஃப் செய்து (வரிவரியாக ஒப்பிட்டு) பாருங்கள்.

இழை தொடங்கியவர்

நன்றி. பதிப்பு இப்போது சரியாக வருகிறது. டிஃப் செய்து பார்த்ததில், பிற நிரலகங்களை அழைக்கும் இம்போர்ட் பாதைகளைத் தவிர ஒரேயொரு வழுத்திருத்தம் மட்டுமே வேறுபடுகிறது. டெபியனில் உள்ள பதிப்பில் அந்தத் திருத்தம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

மறுமொழி 3

அப்படியானால் நகலை நீக்கத் தடையேதும் இல்லை. காப்பிரைட் கோப்பில் ‘ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்’ புலத்தில் அக்கோப்புறையைக் குறிப்பிட்டால், மூலத் தொகுப்பை இறக்கித் தரும் யூஸ்கேன் கருவி அதை நீக்கிவிட்டு மூலத் தொகுப்பை மறுபடி கட்டும். உரிமச் சிக்கலுக்காக அன்றி வசதிக்காக நீக்குவதால், பதிப்பின் இறுதியில் +டிஎஃப்எஸ்ஜி (டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்காக நீக்கியது) என்பதைவிட +டிஎஸ் (வேறு காரணத்துக்காக நீக்கியது) என்று சேர்ப்பதே பொருத்தம். இம்போர்ட் வரிகளைக் கணினியின் நிரலகத்துக்குத் திருப்பும் பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒன்றையும் எழுதுங்கள். மூல ஆசிரியர்களிடமும் அதை முன்வையுங்கள். ஏற்கப்பட்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பேட்சைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மறுமொழி 1

‘இதைப் பொதியாக்கப் போகிறேன்’ என்று அறிவிக்கும் ஐடிபி வழு அறிக்கையை, பொதியாக்க வேண்டியவற்றின் பட்டியலான டபிள்யூஎன்பிபி-யில் இன்னும் பதியவில்லையெனில், இப்போதே பதியுங்கள். அதற்கு முன், வேறெவரும் இதே நிரலகத்தைப் பொதியாக்க முன்வந்திருக்கிறார்களா என்று அங்கே தேடிப் பாருங்கள். பதிவேற்றும் உரிமை உங்களுக்கு இல்லையெனில், டெபியன் பைதான் குழுவில் சேர்ந்து பொதியை டெபியனின் கிட் தளமான சல்சாவில் வைத்தால், உங்களுக்காகப் பதிவேற்றும் ஆதரவாளர் கிடைப்பது எளிது. புதிய பொதிகள் காத்திருக்கும் நியூ வரிசையில் உரிமங்கள் கோப்பு கோப்பாகப் பார்க்கப்படும் என்பதால், சோதனைக் கோப்புறையில் வேறெங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த மாதிரிக் கோப்புகள் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பைபிஐ தொகுப்பில் அவை இல்லாததால் பலரும் கவனிக்காமல் விடும் இடம் அது.