தலைவனுக்குப் பேச்சு வேண்டுமா, ‘ஆகட்டும் பார்க்கலாம்’ போதுமா?

கரிசல்காடு:
மேடையில் நன்றாகப் பேசுகிறவன்தான் தலைவன் என்ற நினைப்பு நம்மை விட்டு எப்போது போகுமோ தெரியவில்லை. எங்கள் மில்லுக்குப் புது மேலாளர் வந்தார். வந்த அன்றே எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து ஒரே பேச்சு. ‘நாம் ஒரே குடும்பம்’, ‘கனவு காணுங்கள்’, ‘சிகரம் தொடுவோம்’. பின்வரிசையில் இருந்தவர்கள் ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிட்டதுதான் மிச்சம். காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். மனு கொடுத்தால் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்பார், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் வந்தது, மதிய உணவு வந்தது. அடுக்குமொழியா கொண்டுவந்தது?

மலைக்கோட்டை:
உங்கள் மேலாளருக்குப் பேச வரவில்லை என்பதற்காகப் பேச்சையே குறை சொன்னால் எப்படி? 1967 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கு பார்த்தாலும் அரிசித் தட்டுப்பாடு. அண்ணா ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றார். எல்லோரும் அதன் ஓசையைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதிலுள்ள கணக்கு. மூன்று படி என்று மட்டும் சொல்லியிருந்தால் ஜனம் சிரித்திருக்கும். ஒரு படி என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆசை எவ்வளவு, வாக்கு எவ்வளவு என்று கேட்கிறவர் முன்னாலேயே பிரித்து வைத்துவிட்டார். உற்பத்தி இலக்கு, கொள்முதல் என்றெல்லாம் போகவே இல்லை. படி எல்லார் வீட்டிலும் அரிசிப் பானைக்குள் கிடந்த சாமான். அடுப்படியில் இருக்கிற அம்மாவுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கரிசல்காடு:
சரி, கொடுத்தாரா? சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். மாநிலம் முழுக்கக் கொண்டுபோக கஜானா இடம் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்துக்கு அந்த ‘நிச்சயம்’ வந்து சேரவே இல்லை.

பொடிமட்டை:
அண்ணா போடும் மூக்குப்பொடியை வைத்துத்தான் என் பெயர், அதிலேயே என் கட்சி தெரிந்திருக்கும், அதனால் நடுநிலை வேஷம் போடவில்லை. ஆனால் பேச்சு என்றதும் எல்லோரும் ‘மாதமோ சித்திரை, மணியோ பத்தரை’ என்று அண்ணா அடுக்கிய கதைக்குப் போய்விடுகிறீர்கள். அது சுவைக்கு. அவருடைய பேச்சில் கனமானது எது என்று கேட்டால் 1956 திருச்சி மாநாட்டைச் சொல்வேன். தி.மு.க. தொடங்கி ஏழு வருடம். தன்னைவிடப் பதினோரு வயது இளையவரான நெடுஞ்செழியனை மேடையில் வைத்துக்கொண்டு, ‘தம்பி வா! தலைமையேற்க வா! உன் ஆணைக்கு நாங்கள் கட்டுப்படுகிறோம்’ என்றார். இதில் என்ன அலங்காரம் இருக்கிறது? ஒரு கடினச் சொல் உண்டா? ‘நான் கட்டுப்படுகிறேன்’ என்று கட்சியை ஆரம்பித்தவரே சொன்னால், கீழே மணலில் உட்கார்ந்திருந்த ஆயிரம் தம்பிகளுக்கு என்ன தோன்றியிருக்கும்? நாளைக்கு அந்த இடம் நமக்கும் கிடைக்கும் என்றுதானே.

1955 முதல் தம்பிக்குக் கடிதம் எழுதினாரே, அதிலும் இதே வேலைதான். எங்கள் தாத்தா சொல்லுவார்: படிப்பகத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் கடிதத்தை உரக்கப் படிப்பார், சவரத்துக்கு வந்தவர்கூடச் சோப்பு நுரையோடு பக்கத்துக் கடையிலிருந்து எட்டிக் கேட்பாராம். ‘தம்பி’ என்றதும் ஒவ்வொருவரும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘பொதுமக்களே’ என்று தொடங்கியிருந்தால் நுரையைத் துடைக்காமல் ஓடி வந்திருப்பார்களா?

தேனி டீச்சர்:
எனக்கு இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. இதே தம்பிகளிடம்தான் ‘அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு’ என்ற முழக்கமும் கொடுக்கப்பட்டது. 1962இல் சீனா எல்லையில் போர். 1963இல் பிரிவினை கேட்கும் கட்சிகள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தின் 16ஆம் திருத்தம். கோரிக்கை கைவிடப்பட்டது. கைவிட்டது புத்திசாலித்தனம், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் சுடுகாடு வரை போவோம் என்று நம்பின பையனிடம் அடுத்த நாள் என்ன சொல்வது? உயிரைப் பணயம் வைக்கிற சொல்லைத் தலைவன் கொஞ்சம் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். படி அரிசிக்கு லட்சியம், நிச்சயம் என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்கத் தெரிந்த இயக்கம் இதற்கு ஏன் பிரிக்கவில்லை?

மலைக்கோட்டை:
நியாயமான கேள்வி டீச்சர். ஆனால் இறங்கி வந்ததையும் அவர் வார்த்தையால்தான் செய்தார். கோரிக்கையை விடுகிறோம், ‘பிரிவினைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன’ என்றார். தொண்டனுக்குத் தோற்ற உணர்ச்சி வரவில்லை. வேறு தலைவராக இருந்தால் கட்சி இரண்டாக உடைந்திருக்கும்.

தேனி டீச்சர்:
அதைத்தான் சாமர்த்தியம் என்கிறார்கள். ஊக்கம் வேறு, சாமர்த்தியம் வேறு.

கரிசல்காடு:
வார்த்தைக்கு அவ்வளவு பலம் என்றால் 1962இல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றது எப்படி? அப்போது என்ன, வாய் கட்டிக்கொண்டதா? கட்சி 15 இடத்திலிருந்து 50க்குப் போன அதே தேர்தல் அது. 1967லும் பேச்சு மட்டும் ஜெயிக்கவில்லை. 1965 மொழிப் போராட்டம் இருந்தது, அரிசிப் பஞ்சம் இருந்தது. குண்டடி பட்டுக் கழுத்தில் கட்டோடு எம்ஜிஆர் இருக்கிற போஸ்டர் சுவர் சுவராக ஒட்டியிருந்தது. அந்தப் போஸ்டருக்கு எந்த அடுக்குமொழி தேவைப்பட்டது?

பொடிமட்டை:
அண்ணே, அதே 1967இல் விருதுநகரில் உங்கள் தலைவர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ‘படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்’ என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் ஊரில் பேச்சு. பேசாமல் இருப்பதே பெருமை என்று இருந்தவருக்கும் ஒரு வாக்கியம் போதுமானதாகிவிட்டது, பார்த்தீர்களா?

தேனி டீச்சர்:
அந்த ஒரு வாக்கியம் அவரைத் தோற்கடித்தது என்றால் நான் நம்பமாட்டேன். ஆனால் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பேச்சே இல்லை என்று கரிசல்காடு நினைக்கிறார். அதுவும் தேர்ந்தெடுத்த சொல்தான். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற மனிதர் என்று பெயர் இருந்ததால் ‘பார்க்கலாம்’ என்றால் வேலை நடக்கும் என்று அர்த்தமானது. தாலுகா ஆபீஸில் அதே ‘பார்க்கலாம்’ கேட்டால் நாம் என்ன செய்வோம்? மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

மலைக்கோட்டை:
அப்படியானால் இதற்குப் பதில் சொல்லுங்கள். ‘பார்க்கலாம்’ என்பதற்கு மதிப்பு வர, செய்து காட்டிய வருடங்கள் வேண்டும். 1967க்கு முன் அண்ணா ஒரு நாள்கூட அரசாங்கம் நடத்தியதில்லை. காட்ட என்ன இருந்தது அவரிடம்? வார்த்தை மட்டும்தான். புதிதாக வருகிற எவருக்கும் அதே நிலைதான். அவரிடம் போய் ‘பேசாதே, செய்’ என்றால், செய்கிற இடத்துக்கு முதலில் எப்படி வருவார்? அதனால்தான் அளந்து பேச வேண்டும் என்கிறேன். பேசவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கரிசல்காடு:
காமராஜர் 1963இல் கட்சி வேலைக்காக முதலமைச்சர் பதவியை விட்டார். ‘தம்பி வா’ என்று மேடை போட்டு அழைக்கவில்லை. பக்தவத்சலத்திடம் கொடுத்துவிட்டு நடந்தார். தேசத்தில் இன்னும் சில முதல்வர்களும் மத்திய மந்திரிகளும் அதே போல ராஜினாமா செய்தார்கள். இதைவிட ஊக்கம் கொடுக்கிற பேச்சு எது?

பொடிமட்டை:
அந்தப் பக்தவத்சலம் 1967இல் தோற்றதும் என்ன சொன்னார்? ‘தமிழகத்தில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன’ என்றார். ஓட்டுப் போட்ட ஜனத்தைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? அதற்கப்புறம் காங்கிரஸ் இந்த மாநிலத்தில் ஆட்சிக்கே வரவில்லை. காரணம் நூறு இருக்கும், சரி. தோற்ற அன்றைக்குக் கூட்டத்திடம் எப்படிப் பேசுவது என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் அதில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.