வாலில் பார்த்த ஸ்பீரோசைட்: ஹீமோலிசிஸ் யாராவது புரியவைப்பீர்களா?

அகளிக்காரி:
எம்பிபிஎஸ் இரண்டாம் வருஷம். வீடு அட்டப்பாடி பக்கம் அகளி. வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், புத்தகம் இங்கிலீஷ். ஹீமோலிசிஸ், அதாவது சிவப்பணு உடைந்து வருகிற ரத்தச்சோகை மட்டும் மூன்றிலும் மண்டையில் ஏறவில்லை. கோளாறு சிவப்பணுவுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு அட்டவணை. உடைவது ரத்தக்குழாயிலா மண்ணீரலிலா என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று வைவாவில் உளறிவிட்டேன். போதாததற்கு, கண்ணாடியில் ரத்தம் பூசிய நார்மல் ஸ்மியரைப் பார்த்து ‘ஸ்பீரோசைட் ஏராளம்’ (பந்தாக உருண்ட சிவப்பணு) என்று எழுதி வைத்தேன். சார் சிரித்தாரே தவிர ஏன் என்று சொல்லவில்லை.

லேப் அக்கா, ஆனைகட்டி:
தங்கச்சி, நீ ஸ்மியரின் வாலில், பூச்சு மெலிந்து முடிகிற ஓரத்தில் பார்த்திருப்பாய். அங்கே செல்லெல்லாம் தட்டையாகப் பரந்து கிடக்கும், நடுவில் இருக்கும் வெளுப்பு போய்விடும். கொஞ்சம் உள்ளே வா, செல்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்துக்கு. அங்கேயும் பக்கத்துச் செல்லைவிடச் சின்னதாக, கருத்து, நடு வெளுப்பு இல்லாமல் இருந்தால்தான் ஸ்பீரோசைட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படி ஒரு ரிப்போர்ட் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

உன் அட்டவணைகள் இரண்டும் இரண்டு தனித்தனிக் கேள்வி. ஏன் உடைந்தது, எங்கே உடைந்தது. பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸ், ஜி6பிடி என்கிற நொதியின் குறைவு இரண்டுமே செல்லின் சொந்தக் கோளாறு. ஆனால் முதலாவது மண்ணீரலில் உடைகிறது. இரண்டாவது, ஒத்துக்கொள்ளாத மாத்திரை உள்ளே போனால், குழாய்க்குள்ளேயே உடைகிறது.

எங்கே என்று தெரிய நான் முதலில் பார்ப்பது மூத்திரத்தை. முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு பையன், வைவாக்ஸ் மலேரியா. அதற்கான பிரைமாகுயின் மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள் மூத்திரம் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் வந்தது. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினேன். ரத்தமே கலந்திருந்தால் சிவப்பு அடியில் தங்கி மேலே தெளிந்திருக்கும். தெளியவில்லை. ஸ்ட்ரிப்பில் ரத்தம் பாசிட்டிவ், மைக்ரோஸ்கோப்பில் ஒரு சிவப்பணுகூடக் கிடையாது. ரத்தம் எடுத்த டியூபை நிறுத்தி வைத்தால் மேலே பிளாஸ்மாவும் இளஞ்சிவப்பு. ஹீமோகுளோபின் ரத்தக்குழாய்க்குள் கொட்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மண்ணீரலில் உடைந்தால் கதை வேறு. கண் மஞ்சளாகும், ஆனால் அந்த மஞ்சள் நிறமி பிலிருபின் மூத்திரத்தில் வராது. ரத்தத்தில் இருக்கிற அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் சிறுநீரகம் வெளியே விடாது. குடலில் பிலிருபினிலிருந்து உண்டாகிற யூரோபிலினோஜன்தான் ஏறும்.

அந்தப் பையனுக்கு அன்றே ஜி6பிடி பார்த்தார்கள். நார்மல்! அதை நம்பி வேறு காரணம் தேட ஆரம்பித்தார்கள். நொதி வற்றிய கிழட்டுச் செல்லெல்லாம் உடைந்துபோய், மிச்சம் இருந்ததும் புதிதாக வந்ததும் இளசு. இளசில் நொதி கூடுதலாக இருக்கும். மூன்று மாதம் கழித்து நான் நச்சரித்து மறுபடி பார்க்க வைத்தேன். குறைவு.

பத்தாலஜி பிஜி, கோவை:
அக்கா சொன்ன பிறகு பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ரெட்டிக், அதாவது இளம் சிவப்பணு, அதன் சதவீதத்தை மட்டும் அப்படியே நம்பாதே. 9 சதவீதம், ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 15 என்று வைத்துக்கொள். 9ஐ 15ஆல் பெருக்கி, நார்மலான 45ஆல் வகுத்தால் 3. இவ்வளவு சோகையில் மஜ்ஜை இளசுகளை முன்கூட்டியே வெளியே தள்ளும், அதனால் இன்னும் 2.5ஆல் வகு. 1.2தான். 2க்கு மேல் வந்தால்தான் மஜ்ஜை ஈடுகொடுக்கிறது என்று அர்த்தம். அப்புறம், நிஜ ஸ்பீரோசைட்டே கிடைத்தாலும் உடனே ‘பரம்பரை’ என்று எழுதாதே. உடம்பே தன் சிவப்பணுவைத் தாக்குகிற ஆட்டோஇம்யூனிலும் ஸ்லைடு அதேதான். சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று காட்டுகிற நேரடி கூம்ஸ் பார்த்துவிட்டு எழுது.

சோலையூர்க்காரன்:
நான் டாக்டர் இல்லை, சிக்கிள் கேரியர், அரிவாள் நோய்க்கான மரபணு ஒன்று மட்டும் இருக்கிறவன். எங்கள் ஊர் முகாமில் என் ரத்தம் கலந்த டெஸ்ட் டியூபுக்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடித்தார்கள். கலங்கலில் கோடு தெரியவில்லை. ‘உனக்கு அரிவாள் நோய்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி எடுத்தால், அரிவாள் வகை ‘எஸ்’ஸைவிட நார்மல் வகை ‘ஏ’ அதிகம். கேரியர்தான், நோய் இல்லை. இரண்டுக்கும் டியூப் ஒரே மாதிரிதான் கலங்குமாம். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்றும் அப்போதுதான் சொன்னார்கள். டாக்டராகப் போகிற பொண்ணு, நீயாவது முதலிலேயே பிரித்துச் சொல்.

அகளிக்காரி:
சொல்கிறேன் அண்ணா. அக்கா, இன்று அதே ஸ்லைடை வாங்கிப் பார்த்தேன். வாலை விட்டு உள்ளே வந்ததும் ஒரு ஸ்பீரோசைட்கூட இல்லை! ரெட்டிக் மட்டும் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் லேபில் சாயம் தீர்ந்துவிட்டதாம்.

லேப் அக்கா, ஆனைகட்டி:
நியூ மெத்திலீன் ப்ளூ என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. மதியத்துக்கு மேல் கரண்ட் இருக்காது.