கேடிஎம் டியூக் 390 பைக், 402 மீட்டர் நேர் ஓட்டம்: போன் 14.1 வினாடி என்கிறது, டிராக்கில் தந்த நேரச் சீட்டில் 14.9. எதை நம்ப?

மார்த்தாண்டம்_390:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2017 டியூக் 390. எக்ஸாஸ்ட், ஃபில்டர் எதையும் தொடவில்லை. போன மாதம் வண்டியைப் பார்சலில் அனுப்பிவிட்டு, குழித்துறையில் அனந்தபுரி ரயில் ஏறி, சென்னையில் ஒரு அமெச்சூர் டிராக் ரேஸுக்குப் (நின்ற இடத்திலிருந்து 402 மீட்டர் நேராக ஓடும் போட்டி) போனேன். மூன்று ஓட்டம்: 15.2, 14.9, 15.1 வினாடி. கூட வந்த கூட்டாளிக்கும் இதே வண்டி, இதே வருஷம். அவன் 14.3 எடுத்தான். என்னைவிடப் பத்து கிலோ கூட இருப்பான், அதுதான் தாங்கவில்லை.

14.9 வந்த ஓட்டத்துக்குப் பாக்கெட்டில் இருந்த போன் ஆப் 14.1 காட்டியது. டிராக்கில் தந்த சீட்டில் மொத்த நேரம் மட்டும்தான். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. வண்டியின் கணினித் தகவலைப் போனுக்கு அனுப்பும் ஓபிடி அடாப்டர் வாங்கலாமா, இல்லை அந்தக் காசுக்குப் பின் ஸ்பிராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றலாமா? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓட்டிப் பார்க்க டிராக்கும் கிடையாது. கோயம்புத்தூர் என்றாலும் ஒரு ராத்திரி, சென்னை என்றாலும் ஒரு ராத்திரி.

தோவாளை_ராஜா:

ஸ்பிராக்கெட்தான் மக்கா, ரெண்டு பல் ஏத்து. ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழிப் பக்கம் நாலுவழி ரோடு காலையில் நாலு மணிக்குக் காலியாகத்தான் கிடக்கும். காற்றும் முதுகிலே தள்ளும், 13-இல் வரும் பாரு.

போட்டு_வயர்மேன்:

தம்பி, எனக்கு வேலை தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் போட்டுகளுக்கு ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் (ஒலியை வைத்து ஆழமும் மீனும் பார்க்கிற கருவி) மாட்டிக் கொடுப்பது. பைக் கிறுக்கு அது தனி.

ராஜா சொன்ன ரோட்டை முதலில் மறந்துவிடு. அந்த நேரத்தில்தான் தோவாளைச் சந்தைக்குப் பூ வண்டிகள் ஓடும். ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 189-வது பிரிவு இருக்கிறது, மாடு குறுக்கே வந்தால் அதுகூடத் தேவைப்படாது. அப்புறம், ஆடிக் காற்றில் அந்தக் கணவாய்க்குள் எடுத்த நேரத்துக்குக் காற்றாலைக்குத்தான் மார்க் போட வேண்டும்.

சரி, போன் கதை. போன் ஜிபிஎஸ் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு தடவைதான் கணக்கு எடுக்கும். 100 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்குள் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடுவாய். உன்னுடைய 15 வினாடி ஓட்டத்துக்கு அதன் கையில் இருந்தது 15 புள்ளி. நீ கிளம்பியது எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் என்று அதற்குத் தெரியாது, உத்தேசமாக நிரப்பிவிட்டது. 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) வேகத்தில் போகிற போட்டுக்கு இது போதும், உனக்குப் போதாது. வினாடிக்கு 10 தடவை, 25 தடவை எடுக்கிற தனி ரிசீவர்கள் கிடைக்கின்றன. அவை செயற்கைக்கோள் அலையின் டாப்ளர் மாற்றத்தை (நகரும்போது அலையின் அதிர்வெண் மாறுவது) வைத்து வேகத்தைச் சொல்வதால், இடத்தைவிட வேகக் கணக்கு நேர்த்தியாக இருக்கும். டேங்க் மேல் வானம் பார்க்க ஒட்டு. தென்னந்தோப்புக்குள் வைத்துவிட்டு அதைத் திட்டாதே.

டிராக் சீட்டில் ஒரு விஷயம்: முன்சக்கரம் தொடக்கக் கோட்டில் இருக்கும் ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். பச்சை விளக்குக்கு நீ அரை வினாடி தூங்கியிருந்தாலும் அது 14.9-இல் சேராது. ஆகவே சாக்கு சொல்ல அதுவும் இல்லை.

இப்போது முக்கியமான கணக்கு. 402 மீட்டரில் எங்கே நேரம் போனாலும் ஒன்றுதான் என்று நினைக்காதே. நின்ற இடத்தில் கால் வினாடி வீணானால் கடைசியில் முழுக் கால் வினாடியும் நிற்கும். ஓடும்போது வீணானால் அந்த நேரத்திலும் வண்டி உருண்டுகொண்டுதான் இருக்கிறது, அதனால் நஷ்டம் குறைவு. எல்லையை 150 கி.மீ. வேகத்தில் தாண்டுகிறாய் என்று வை. 60-இல் கியர் மாற்றும்போது போன 0.25 வினாடி, கடைசியில் சுமார் 0.15 ஆக நிற்கும். 130-இல் போன அதே 0.25, வெறும் 0.03 தான். எல்லையைத் தாண்டும் வேகத்தைவிட எத்தனை பங்கு குறைவாகப் போனாயோ அத்தனை பங்கு நஷ்டம். காற்று எதிர்ப்பு எல்லாம் இதிலேயே அடங்கிவிடும், தாளில் போட்டுப் பார்.

அப்படியானால் நீ பார்க்க வேண்டியது முதல் 60 அடியும், ஒன்றிலிருந்து இரண்டாம் கியர் போகிற இடமும். 60 அடி என்றால் 18.3 மீட்டர். அதற்கு டிராக்கே வேண்டாம். பிரேக் பிடிக்க இடத்தோடு சேர்த்து 70 மீட்டர் சொந்தக் களம் யாரிடமாவது கேள். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, எல்லையில் ஒரு ஆள், இது இல்லாமல் ஸ்டார்ட் பண்ணாதே.

கருவி: உன் போனே. 18.3 மீட்டரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் ஓரமாக நின்று எடுக்கச் சொல். ஃபிரேமை எண்ணி 240-ஆல் வகுத்தால் வினாடி. ஓபிடி இப்போது வேண்டாம். புளூடூத் அடாப்டர் வினாடிக்குச் சில தடவைதான் பதில் தரும், நாலு விஷயம் கேட்டால் அதையும் நாலாகப் பங்கு வைக்கும். ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேண்டுமானால் சத்தத்தைப் பதிவு செய். ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. ஆகவே ஆர்பிஎம்மை 120-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். 9000 என்றால் 75 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருள் இலவசம், அதில் ஸ்பெக்ட்ரோகிராம் (நேரத்தோடு அதிர்வெண் மாறுவதைக் காட்டும் படம்) திறந்தால் என்ஜின் சத்தம் கோடாக ஏறி இறங்குவது தெரியும். அடிக்கோடு மங்கலாக இருந்தால் அதற்கு மேல் உள்ள கோட்டைப் படித்துப் பாதியாக்கு. நான் மீன் கூட்டம் பார்க்கிற திரையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. டயர் காற்று, வெயில், மணி எல்லாம் நோட்டில் எழுது. காலை 24 டிகிரிக்கும் மத்தியானம் 34 டிகிரிக்கும் காற்றின் அடர்த்தியே சுமார் 3 விழுக்காடு மாறும். ஸ்பிராக்கெட்டைப் பிறகு பேசலாம்.

தோவாளை_ராஜா:

பூ வண்டி விஷயம் சரிதான் அண்ணே, நம்ம சித்தப்பாவே ஓட்டுகிறார். ரோட்டை வாபஸ் வாங்குகிறேன். ஸ்பிராக்கெட்டை வாங்க மாட்டேன்.

மார்த்தாண்டம்_390:

அண்ணே, இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கருங்கல் பக்கம் மாமாவுக்குத் தெரிந்தவரின் பழைய அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை), மூடி வருஷமாகிறது. அண்டி காயப்போட்ட சிமென்ட் களம் அப்படியே கிடக்கிறது. மூன்று பேராகப் பெருக்கினோம். தோடு குவித்திருந்த மூலை மட்டும் எண்ணெய் ஊறிக் கறுப்பாக இருந்தது, அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் ஓட்டம் 650 ஃபிரேம், 2.71 வினாடி. சத்தத்தைத் திறந்து பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. என்ஜினை 4500 ஆர்பிஎம்மில் வைத்து கிளட்சை ஒரேயடியாக விட்டிருக்கிறேன். கோடு பொத்தென்று 2900-க்கு விழுந்து, மறுபடி எழும்ப அரை வினாடி. இந்த வண்டிக்கு டார்க் (முறுக்குவிசை) உச்சம் 7000-இல். நான் விட்டது கிணற்றுக்குள்.

6500-இல் வைத்து அதே மாதிரி விட்டேன். முன்சக்கரம் எழும்பிவிட்டது, பயந்து ஆக்சிலேட்டரை மூடினேன், 2.66. அப்புறம் கிளட்சைக் கடைசி வரை விரலில் பிடித்து இழைத்து விட்டேன். கோடு 6000-க்குக் கீழே இறங்கவே இல்லை. 584 ஃபிரேம், 2.43. பத்து ஓட்டத்தில் இதுதான் நல்லது, மற்றவை 2.5 பக்கம். ஏழாவது ஓட்டத்துக்குப் பிறகு கிளட்ச் வாடை வந்தது, லீவரில் பிளே (பிடிக்கும் முன் இருக்கும் தளர்வு) குறைந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டு டீ குடித்துவிட்டு வந்தோம்.

இன்னொன்று நானே கண்டுபிடித்தேன். சென்னையில் தம்பி எடுத்த வீடியோவில் நானும் கூட்டாளியும் ஓடியது இருக்கிறதே, அந்தச் சத்தத்தையும் திறந்தேன். வண்டி விலகிப் போவதால் ஆர்பிஎம் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆனால் கியர் மாற்றும் இடைவெளி அப்படியே இருக்குமில்லையா? ஒன்று–இரண்டு மாற்ற அவனுக்கு 0.2 வினாடி. எனக்கு 0.5. உங்கள் கணக்குப்படி அங்கே 0.18 போயிருக்கிறது. களத்தில் மிச்சம் பிடித்த 0.28-ஐயும் சேர்த்தால் 0.46. அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் 0.6. மீதி 0.14 எங்கே அண்ணே?

போட்டு_வயர்மேன்:

களத்து சிமென்டும் டிராக் தாரும் ஒரே பிடிப்பு இல்லை, அதனால் 0.28-ஐ அங்கே அப்படியே எதிர்பார்க்காதே. மற்ற கியர் மாற்றங்களின் இடைவெளியையும் அளந்து அனுப்பு, மீதி அங்கேதான் கிடக்கும். கிளட்ச் கேபிள் பிளே சரிபார்த்துவிட்டு அடுத்த ஓட்டம். சனிக்கிழமை மத்தியானம் துறைமுகத்துக்கு வா, வினாடிக்கு 10 தடவை எடுக்கிற ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று சும்மா கிடக்கிறது. ஞாயிறு வேண்டாம், போட்டு எல்லாம் கரையில் நிற்கும், எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது. பவர் பேங்க் நீயே கொண்டு வா.