உப்பில் எழுதிய தலைப்பு: என் குறும்படத்தின் முதல் 18 வினாடி

அனிமேஷன் குறும்படத்துக்கு டைட்டில் செய்த கதையை எல்லாரும் சொல்கிறீர்கள், என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன்.

படம் ஆறு நிமிடம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆச்சியின் கதை. முதலில் நான் செய்த தொடக்கம் 50 வினாடி ஓடும்: விடியற்கால வானம், பறவைகள், நடுநடுவே மிதந்து வரும் பெயர்கள். வினாடிக்கு 12 படம் (திரையில் வினாடிக்கு 24 பிரேம் ஓடும், ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தினால் சரியாகிவிடும்), ஆக மொத்தம் 600 படம் வரைந்திருந்தேன். வீட்டில் போட்டுக் காட்டியபோது பாதியிலேயே அத்தை, "படம் எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். அன்று ராத்திரியே மொத்தத்தையும் தூக்கிவிட்டேன், ரொம்ப வலித்தது.

அப்புறம் 1955-ல் அமெரிக்க டைட்டில் வடிவமைப்பாளர் ஸால் பாஸ் செய்த ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்தின் டைட்டிலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளைப் பட்டைகள் மட்டும் நகரும், கடைசியில் ஒரு பட்டை கோணல்மாணலான கையாகிவிடும், அவ்வளவுதான். மொத்தக் கதைக்கும் ஒரே அடையாளமாக நின்ற அந்தக் கைக்கு என் கதையில் சமமானது எது என்று யோசித்தால், உப்பைத் தவிர எதுவும் தோன்றவில்லை.

கறுப்பு சார்ட்டை விரித்து, போனை நேர் மேலே கட்டி, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு படம் எடுத்துத் தலைப்பை எழுதினேன். தூள் உப்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி தட்டையாகத் தெரிந்தது. கல்லுப்புக்கு மாறி, பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்ததும் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக நிழல் விழுந்தது பாருங்கள், அந்த நிமிடம்தான் படம் கிடைத்தது! மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு கல் வைத்தால் கண்ணுக்குத் தெரியவில்லை, மூன்று கல் வேண்டியிருந்தது. முதல் நாள் எடுத்தது, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறி முழுக்க மினுக்கியதால் மறுநாள் ஜன்னலை அடைத்து, போன் கேமராவின் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) மாறாதபடி லாக் செய்தேன். மதியத்துக்குள் உப்பு நீர்விட்டுத் தாளில் ஈரத்திட்டு விழுந்தது, அதனால் தினமும் காலையில் வாணலியில் வறுத்து ஆறவைத்துத்தான் எடுத்தேன். 18 வினாடி, 216 படம், மூன்று நாள்.

—

அக்கா, எங்கள் படத்தின் டைட்டிலில் சிக்கல் சத்தத்தில் வந்தது. எல்லாம் வரைந்து முடித்த பிறகு இசை வந்தது, தாளம் விழுவதற்கு 9 பிரேம் முன்னாலேயே தலைப்பு வந்து நின்றுவிட்டது. இப்போதெல்லாம் ஸ்டோரிபோர்டை (காட்சிகளின் வரிசைப் படங்கள்) ஒலியோடு சேர்த்து அனிமேட்டிக்காக, அதாவது ஒரு மாதிரி வீடியோவாக, ஓட்டிப் பார்க்காமல் பென்சிலையே தொடுவதில்லை. உப்பு இழுபடும் சத்தத்தை எங்கே பதிவு செய்தீர்கள்?

—

உப்பளத்தில் காற்றுதான் கேட்டது, தம்பி. கடைசியில் வீட்டில்தான், முறத்தில் கல்லுப்பைக் கொட்டி மரக்கரண்டியால் மெதுவாக இழுத்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் போனிலேயே பதிவு செய்தேன்.