அம்மா தனியாக இருக்கிறார், உதவியை எங்கே தொடங்குவது?

கேள்வி:
அம்மாவுக்கு 81 வயது. என்னோடு வந்துவிடச் சொன்னால் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து முக்கால் மணி நேரம் எழ முடியாமல் கிடந்தார். போன் கூடத்தில் இருந்தது. அடி பெரிதில்லை, பயம்தான் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு ஆள் வைக்கலாமா?

பதில்:
நான் அப்பாவுக்கு அவசரப்பட்டு முழுநேர ஆள் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் செய்து கொடுக்க, மூன்றே மாதத்தில் அப்பா தன் சட்டையைக்கூட மடிக்க மறந்தார். அப்புறம்தான் ஒரு செயல்முறை சிகிச்சையாளரை, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் நிபுணரை, வரவழைத்தோம். அப்பா எழுவது, உட்காருவது, குளிப்பது எப்படி என்று பார்த்து, கழிப்பறையில் பிடிகம்பி, வழுக்காத விரிப்பு, இரவு விளக்கு போடச் சொன்னார். உதவியாளரைக் குளிக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். வாரம் இரண்டு நாள் முதியோர் பகல்நேர மையம். முதலில் முறைத்தார், இப்போது வண்டி வருவதற்கு முன்பே வாசலில் நிற்கிறார்!

இன்னொரு பதில்:
மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை இரண்டுமே தலைசுற்ற வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி சொல்கிறது.

கேட்டவர்:
நன்றி. கழுத்தில் மாட்டும் அவசர பொத்தான் பற்றிச் சொன்னேன். "மணி கட்ட நான் என்ன மாடா?" என்கிறார்.

பதில்:
கையில் கட்டுவதும் உண்டு. தண்ணீர் புகாததா என்று பார்த்து வாங்குங்கள், குளிக்கும்போது கழற்றி வைத்தால் பயனில்லை.