இத்தாலியை 'இல் கத்தோபார்தோ' வழியாகப் பார்க்க: எந்தப் பிரதி, எதைக் கவனிப்பது

இத்தாலியப் பழைய படங்களுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது ஒலியில்தான். உதடு ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று ஒலியை முன்னே பின்னே நகர்த்திப் பார்ப்பார்கள். பழுது ஒன்றுமில்லை. போருக்குப் பிந்தைய இத்தாலியில் பெரும்பாலும் படத்தை எடுத்து முடித்துவிட்டு, குரலை ஸ்டுடியோவில் பிறகுதான் சேர்த்தார்கள். ஒரே காட்சியில் ஆளுக்கொரு மொழி பேசுவதும் சகஜம். இயக்குநர் ஃபெல்லினி சில நடிகர்களை வசனத்துக்குப் பதிலாக எண்களைச் சொல்லவைத்தே படம்பிடித்திருக்கிறார்.

இயக்குநர் விஸ்கோந்தியின் 1963 படமான 'இல் கத்தோபார்தோ'வையே (ஆங்கிலத்தில் 'தி லெப்பர்ட்') எடுத்துக்கொள்ளுங்கள். சிசிலிய இளவரசராக வரும் பர்ட் லங்காஸ்டர் அமெரிக்கர். இத்தாலியப் பிரதியில் அவருக்குக் குரல் கொர்ராதோ கைபா. இளவரசரின் சகோதரி மகன் தான்க்ரேதியாக வரும் அலென் தெலோன் பிரெஞ்சுக்காரர், அவருக்கும் இரவல் குரல். வேடிக்கை என்னவென்றால், தான்க்ரேதி மணக்கப்போகும் ஆஞ்செலிகாவாக வரும் இத்தாலிய நட்சத்திரம் க்ளாவ்தியா கார்தினாலேக்கும் அப்படித்தான். துனிசியாவில் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர், குரலும் கரகரப்பு. அதே ஆண்டு வந்த ஃபெல்லினியின் 'எட்டரை'யில்தான் அவருடைய சொந்தக் குரல் முதன்முதலாகக் கேட்கிறது.

---

மேலே சொன்னதோடு ஒன்று: பார்க்கும் முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். இத்தாலியப் பிரதி ஏறக்குறைய 185 நிமிடம். 161 என்று இருந்தால் அது அமெரிக்காவுக்காக வெட்டிய ஆங்கிலப் பிரதி. அதில் லங்காஸ்டரின் சொந்தக் குரல் உண்டு, ஆசைக்கு ஒருமுறை கேட்கலாம். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

இரண்டு இரவாகப் பிரித்துப் பார்ப்பதானால் நடனவிருந்துக்கு முன்னால் நிறுத்துங்கள், நடுவில் வேண்டாம். பலெர்மோவின் கான்ஜி மாளிகையில் எடுத்த அந்தப் பகுதி மட்டுமே முக்கால் மணி நேரம் போகும். விசிறிகள் ஓயாமல் அசைகின்றன, நெற்றியெல்லாம் வியர்வை, ஓர் அறை முழுக்க மூத்திரச் சட்டிகள். இளவரசரின் களைப்பு மெல்ல மெல்ல ஏறுகிறது. இடையில் எழுந்துபோனால் அந்தக் களைப்பு நம் மேல் ஏறாது.

---

இசைக்கு வருவோம். பின்னணி இசை நீனோ ரோட்டா. ஆனால் இளவரசரும் ஆஞ்செலிகாவும் ஆடும் வால்ட்ஸ் அவருடையது அல்ல; ஓபரா இசையமைப்பாளர் வெர்தி பியானோவுக்கு எழுதி அச்சேறாமல் கிடந்த துண்டு. ரோட்டா அதை வாத்தியக் குழுவுக்கு விரித்து எழுதினார்.

வெர்தி இன்னும் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறார். இளவரசர் குடும்பம் கோடைக்குத் தங்கள் ஊரான தொன்னாஃபுகாத்தாவுக்கு வந்திறங்கும்போது ஊர் பேண்டு வாசிப்பது 'லா த்ராவியாத்தா'வின் நாடோடிப் பெண்கள் பாட்டு. அடுத்து தேவாலயத்துக்குள் போனால் ஆர்கனில் அதே ஓபராவின் 'ஆமாமி அல்ஃப்ரேதோ'! கணிகை ஒருத்தி காதலனிடம் கதறும் மெட்டு, பூசை நேரத்தில். 1853இல் வெனிசில் அரங்கேறிய ஓபரா ஏழே வருடத்தில், கதை நடக்கும் 1860இல், சிசிலியக் குக்கிராமத்து ஆர்கனில் புகுந்துவிட்டது என்று படம் காட்டுகிறது. புழுதி அப்பிய முகங்களோடு குடும்பம் சிலை சிலையாக உட்கார்ந்திருக்கும் ஷாட்டில் கண் போய்விடுவதால், பலரும் இதைக் காதில் வாங்குவதில்லை.

---

வரலாறு தெரியாமல் போனால் பாதி புரியாது. குறைந்தது இரண்டு தேதி வேண்டும். 1860 மே: இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய தளபதி கரிபால்டி சுமார் ஆயிரம் பேரோடு சிசிலியின் மார்சாலாவில் இறங்குகிறார். 1862 ஆகஸ்ட்: அதே கரிபால்டி ரோமை நோக்கிப் புறப்பட, புதிய இத்தாலியின் படையே தென் இத்தாலிய மலையான அஸ்ப்ரோமோந்தேயில் அவரைக் காலில் சுடுகிறது. நடனவிருந்தில் அலட்டிக்கொள்ளும் கர்னல் பல்லவிச்சினோ, அந்தப் படையை நடத்தியவர்.

தான்க்ரேதியின் உடையைத் தொடர்ந்து பாருங்கள். முதலில் கரிபால்டியின் ஆள், பிறகு அரசரின் படைச் சீருடை. வசனத்தைவிட அந்தத் துணி தெளிவாகப் பேசும். விடியற்காலையில் வண்டி வீடு திரும்பும்போது தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். கரிபால்டியோடு சேர ஓடிப்போன சிப்பாய்களைச் சுடுகிறார்கள். சத்தம் சின்னது, ஒலியைக் குறைத்து வைத்திருந்தால் தவறிவிடும்.