கமுகின் கொண்டைக்குக் கீழே: ‘மட்டைக்கழுத்து’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பனைக் குடும்பத்து மரங்களைப் பார்த்தவுடன் இனங்காண உதவும் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கிரவுன்ஷாஃப்ட்’ (crownshaft) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவதில் வந்து நிற்கிறது வேலை. கமுகின் (பாக்கு மரத்தின்) சாம்பல் நிறத் தண்டு முடிந்து ஓலைகள் விரிவதற்கு முன்னால் மழமழவென்று ஒரு பச்சைக் குழாய் தெரியுமே, அதுதான் இது. கமுகுக்கு உண்டு, ராயல் பனைக்கு உண்டு. தென்னைக்கும் பனைக்கும் ஈச்சைக்கும் கிடையாது. தூரத்தில் நின்றே கமுகைத் தென்னையிலிருந்து பிரித்துச் சொல்ல இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை நண்பர்கள் இதற்கு இரண்டு தமிழ்ச் சொற்களை முன்வைத்திருக்கிறீர்கள்: முடித்தண்டு, பாளைக்குழல். முதலாவதில் எனக்கு இருக்கும் தயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சைப் பாகம் தண்டே இல்லை. ஓலைகளின் அடிப்பாகங்கள் ஒன்றையொன்று இறுகச் சுற்றிக்கொண்டதால் உண்டான குழாய் அது. வாழையின் ‘தண்டு’ எப்படி மட்டைகளால் ஆனதோ அப்படித்தான். அதனால்தான் பாடநூல்களில் வாழையின் அந்தத் தண்டைப் போலித்தண்டு என்கிறோம். ‘முடித்தண்டு’ என்று படிப்பவர் தண்டின் உச்சிப் பகுதி என்றே எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது சொல்லை அப்படிச் சட்டென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், நான் குமரி மாவட்டத்துக்காரன். ஓலையோடு கழன்று விழும் அந்த அகன்ற தோல் போன்ற பாகத்தை எங்கள் பக்கம் ‘கமுகம்பாளை’ என்றுதான் சொல்வோம். அதில் ஒருவரை உட்காரவைத்து, ஓலை நுனியைப் பிடித்து இன்னொருவர் முற்றம் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடுவது எங்கள் சின்ன வயது விளையாட்டு. மலையாளத்திலும் அது பாளதான். தொப்பி செய்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், கைக்குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். கன்னடத்தில் ஹாளெ. நம் சொல் முதலில் வரும் ‘ப’ அங்கே ‘ஹ’ ஆகும், பால் ‘ஹாலு’ ஆன அதே வழிதான். தாளுக்கும் அவர்களிடம் அதே சொல். ஆக மூன்று மொழிகளில் பரவிய பழஞ்சொல் அது.

ஆனால் தமிழில் மற்ற இடங்களில் பாளை என்றால் பூங்குலையை மூடியிருக்கும் உறை. தென்னந்தோப்பில் ‘பாளை வெடித்துவிட்டது’ என்றால் யாரும் வேறு பொருள் கொள்வதில்லை. தொல்காப்பிய மரபியலும் புல் வகையின் உறுப்புகளைச் சொல்லும்போது தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை, ஈர்க்கு, குலை என்று மடலையும் பாளையையும் தனித்தனியாகவே வைக்கிறது. வெளியே வயிரம் பாய்ந்தது புல் என்பது அதன் கணக்கு. கமுகந்தண்டைப் பிளந்தவர்களுக்கு அது நன்றாகவே விளங்கும். வெளிப்புறம் இரும்பு, உள்ளே சோறு, அதாவது மெத்தென்ற பாகம். சோற்றைக் கோதி எடுத்துவிட்டால் அதுவே தண்ணீர் ஓடும் வாய்க்கால்.

தென்னையில் இந்த இரு பொருளும் மோதினாலும் பெரிய சங்கடம் வராது. கமுகில்தான் வரும். ஏன் என்று சொல்கிறேன். தென்னையில் பூங்குலை ஓலைகளுக்கு நடுவே, ஓலைக் கக்கத்திலிருந்து வெளியே வருகிறது. கமுகிலும் அது ஓலைக் கக்கத்தில்தான் உருவாகிறது. ஆனால் அந்த ஓலையின் மட்டை தண்டைச் சுற்றி மூடியிருப்பதால் வெளியே தெரியாது. அடி ஓலை பழுத்து, மட்டை பிளந்து, முழுதாகக் கழன்று விழுந்த பிறகுதான், அது ஒட்டியிருந்த வளையத்துக்குச் சற்று மேலே, தட்டையான பச்சைப் படகு போல ஓர் உறை தண்டோடு ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். சீக்கிரத்திலேயே அதுவும் பிளந்துவிடும். உள்ளேயிருந்து வெளிர்மஞ்சள் கிளைகள் விரியும். அடியில் பருத்த பெண் பூக்கள், மேலே மெல்லிய இழைகளில் பொடிப்பொடியாக ஆண் பூக்கள். மரத்தடியில் நின்றாலே வாசம் வரும். இப்போது இதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்: ‘பாளை விழுந்ததும் பாளை வெளிப்படும்.’ எங்கள் ஊர்ச் சொல் எனக்கு எவ்வளவு பிரியமானதாக இருந்தாலும், கையேட்டில் இதை எழுத முடியாது.

ஆகவே பூவின் உறைக்குப் பாளை, ஓலையின் அடி உறைக்கு மட்டை என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மட்டை நாம் புதிதாகச் செய்யும் சொல்லும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் வைக்கும் தட்டை எல்லோரும் ‘பாக்குமட்டைத் தட்டு’ என்கிறார்கள். உதிர்ந்த மட்டையைக் கழுவி, நனைத்து, சூடான அச்சில் அழுத்தி எடுப்பது அது. பசை எதுவும் சேர்ப்பதில்லை. சில பத்திரிகைகள் ‘பாக்கு இலைத் தட்டு’ என்று எழுதுகின்றன. அது சரியில்லை, தட்டு செய்வது விரிந்த ஓலையில் அல்ல, அதன் அடி மட்டையில். வாழைமட்டை என்ற வழக்கும் நமக்குத் துணை நிற்கிறது. அங்கேயும் மட்டை என்பது தண்டைச் சுற்றிய இலையடிதான்.

தென்னையில் மட்டை என்றால் ஓலையின் காம்பு, தேங்காயின் மேலுறை என்று வேறு பொருள்களும் உண்டே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் தென்னையில் இதே உறுப்பு, அதாவது ஓலையடியைச் சுற்றிய உறை, வலைபோல நார்நாராகி நிற்கிறது. அதற்குப் பன்னாடை என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஆகவே ‘தென்னையில் பன்னாடை, கமுகில் மட்டை’ என்று கையேட்டில் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

இனி அந்தப் பச்சைக் குழாய். மட்டைகளால் ஆனது என்பதால் ‘மட்டைக்குழல்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் குழல் என்றால் உள்ளே வெற்றிடம் என்ற எண்ணம் வரும். இது உள்ளே குருத்துவரை அடுக்கடுக்காக நிறைந்திருப்பது. அப்புறம் தோப்பில் பேசும் பேச்சை நினைத்துப் பார்த்தேன். மரத்தின் உச்சியை விவசாயிகள் ‘கொண்டை’ என்கிறார்கள். கொண்டைக்குக் கீழே இருப்பது கழுத்துதானே? நம் புலவர்களும் பெண்ணின் கழுத்துக்குக் கமுகை உவமை சொல்லியிருக்கிறார்கள். அதனால் ‘மட்டைக்கழுத்து’. வேரும் தண்டும் சேரும் இடத்தைக் குறிக்கும் வேர்க்கழுத்து என்ற சொல்லோடு குழம்பாமல் இருக்க முன்னால் உள்ள ‘மட்டை’ போதும் என்று நினைக்கிறேன்.

சொல் வாக்கியத்தில் ஓடுகிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

‘கமுகின் மட்டைக்கழுத்து வழவழப்பாகவும் பச்சையாகவும் இருக்கும். அடி மட்டை பழுத்து உதிர்ந்ததும் அங்கே பாளை வெளிப்படும். நடுக்குருத்து மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் மட்டைக்கழுத்தின் உள்ளே அழுகல் பிடித்திருக்கிறது என்று பொருள்.’

எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது? முக்கியமாக ஆத்தூர், மேட்டுப்பாளையம், தென்காசிப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கமுகு ஏறுபவர்கள் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து ஆடி அடுத்த மரத்துக்குத் தாவும்போது கைபோடும் இடம் இதற்குப் பக்கத்தில்தான். அவர்களிடம் இதற்கென்று ஒரு பெயர் இருக்கக்கூடும். கேட்டு எழுதுங்கள். இருந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே கையேட்டில் போட்டுவிடுகிறேன்.